சமயச் சோதனை என்றால் என்ன? சார்லஸ் கரோலின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

1773 மே மாதம், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மேரிலாந்து காலனியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதன் சூட்டைக் கிளப்பியவை ‘முதல் குடிமகன்’ என்ற புனைபெயரில் செய்தித்தாளில் வந்த கடிதங்கள். எழுதியவர் சார்லஸ் கரோல், வயது 35. பிரான்சிலும் லண்டனிலும் சட்டம் படித்தவர். காலனியின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் ஒரே வாரிசு. ஆனால் அந்தத் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது. அவர் கத்தோலிக்கர் என்பதே காரணம்.

இதே மனிதர் மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். ஒப்பமிட்ட 56 பேரில் கத்தோலிக்கர் இவர் ஒருவர்தான். இடையில் என்ன நடந்தது என்று பார்த்தால், ‘சமயச் சோதனை’ எப்படி வேலை செய்தது, எப்படி உடைந்தது, எவ்வளவு காலம் பாதி உடைந்த நிலையிலேயே நீடித்தது என்பதெல்லாம் விளங்கிவிடும்.

சோதனை எப்படி நடக்கும்?

சோதனை என்றதும் விசாரணையையும் சிறையையும் நினைக்க வேண்டாம். ஒருவர் ஓட்டுப் போட வரும்போதோ பதவி ஏற்கும்போதோ சொல்லியாக வேண்டிய சத்தியப் பிரமாணங்களின் தொகுப்புதான் இது. அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்பதில் கத்தோலிக்கருக்குப் பெரிய சிக்கல் இல்லை. அரியணையை இழந்து நாடு கடந்து வாழ்ந்த கத்தோலிக்க ஸ்டூவர்ட் வம்சத்தாருக்கு அரியணையில் உரிமை இல்லை என்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சிலர் சொல்லியிருப்பார்கள். முள் வேறு இடத்தில் இருந்தது. போப்பாண்டவருக்கு இந்த மண்ணில் எந்த அதிகாரமும் இல்லை என்று சொல்ல வேண்டும். அத்தோடு, திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்ற நம்பிக்கையையும் மறுக்க வேண்டும். அது கத்தோலிக்க வழிபாட்டின் அச்சாணி. அதை மறுத்துக் கையெழுத்திடுகிறவர் அந்த நிமிடமே தன் சபையை விட்டு வெளியே வந்தவர் ஆகிறார்.

எந்தச் சட்டப் பிரிவிலும் ‘நீ கத்தோலிக்கன், உள்ளே வராதே’ என்று எழுதத் தேவையில்லை. பிரமாணத் தாளை நீட்டினால் போதும். ஆளே திரும்பிப் போய்விடுவார். சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் பொய் சொல்லத் துணிந்தவரை இது ஒன்றும் செய்யாது, மனசாட்சிக்குப் பயந்தவரை மட்டுமே வெளியே நிறுத்தும். நேர்மையானவர்களைப் பார்த்துத் தள்ளிவைக்கும் சட்டம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

மதம் மாறியவருக்குக் கதவு உடனே திறந்தது. மேரிலாந்தை நிறுவிய கால்வெர்ட் குடும்பமே அதற்குச் சான்று. 1689-இல் புராட்டஸ்டன்ட் கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியுரிமையை இழந்த அந்தக் கத்தோலிக்கக் குடும்பத்தில், பெனடிக்ட் கால்வெர்ட் 1713-இல் ஆங்கிலிக்கன் சபைக்கு, அதாவது இங்கிலாந்தின் அரசு சபைக்கு, மாறினார். 1715-இல் காலனி திரும்பக் கைக்கு வந்தது.

கத்தோலிக்கர் தொடங்கிய காலனியிலேயே

மேரிலாந்து கத்தோலிக்கருக்கு அடைக்கலமாகத் தொடங்கப்பட்ட இடம். 1632-இல் சாசனம், 1634-இல் ‘ஆர்க்’, ‘டவ்’ என்ற இரண்டு கப்பல்களில் முதல் குடியேறிகள், 1649-இல் கிறிஸ்தவர் அனைவருக்கும் சமயச் சகிப்புச் சட்டம். அங்கும் கத்தோலிக்கர் எந்நாளும் சிறுபான்மையினரே. 1708 வாக்கில் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1689 கிளர்ச்சிக்குப் பிறகு நிலைமை படிப்படியாக இறுகியது. ஆங்கிலிக்கன் சபை அரசு மதமானது. 1704-இல் பொது இடத்தில் திருப்பலி வைப்பதற்குத் தடை வந்தது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பின்னர் விட்டுக்கொடுத்தார்கள். அதனால்தான் மேரிலாந்தின் பழைய கத்தோலிக்கப் பண்ணை வீடுகளில் ஒரு சிற்றாலயம் ஒட்டிக்கொண்டே இருக்கும். 1718-இல் ஓட்டுரிமை போனது. 1756-இல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த போருக்குப் பணம் திரட்டியபோது கத்தோலிக்கர் நிலத்துக்கு மட்டும் இரட்டை வரி.

கரோல் குடும்பம் இதை நேரில் அனுபவித்தது. தாத்தா 1688-இல் காலனியின் அரசு வழக்கறிஞராக நியமனம் பெற்று வந்து இறங்கினார்; அடுத்த ஆண்டே கிளர்ச்சியில் பதவி பறிபோனது. பதவி இல்லையென்றால் என்ன, நிலம் வாங்கத் தடையில்லை, வியாபாரத்துக்குத் தடையில்லை, வட்டிக்குக் கொடுக்கவும் தடையில்லை. சட்டம் விட்டுவைத்த இந்த வழிகளில் மூன்று தலைமுறை உழைத்ததன் பலன்தான் அந்தச் சொத்து: புகையிலைப் பண்ணைகள், பால்டிமோர் இரும்பாலையில் ஐந்தில் ஒரு பங்கு, காலனி முழுக்கப் பரவிய கடன் பத்திரங்கள். அந்தப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் அடிமைகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரட்டை வரியில் வெறுத்துப்போன தந்தை, 1757-இல் பிரான்சுக்கே போய் ஆர்கன்சா ஆற்றோரம் நிலம் கேட்டுப் பார்த்தார். காரியம் கைகூடவில்லை. கூடியிருந்தால் குடும்பமே மேரிலாந்தை விட்டுப் போயிருக்கும்.

பதினாறு ஆண்டுப் படிப்பு

சார்லஸ் 1737 செப்டம்பர் 19 அன்று அனாபொலிஸில் பிறந்தார். கத்தோலிக்கர் பள்ளி நடத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதால், முதலில் இயேசு சபையார் ஒதுக்குப்புறமாக நடத்திய பொஹீமியா மேனர் பள்ளி. பிறகு 1748-இல், பதினோரு வயதுகூட நிரம்பாத நிலையில், கப்பலேற்றி பிரான்சின் செயின்ட் ஒமேர் கல்லூரிக்கு அனுப்பினார்கள். தொடர்ந்து ரைம்ஸ், பாரிஸ், சட்டத்துக்கு பூர்ழ், கடைசியில் லண்டன். 1765 பிப்ரவரியில்தான் ஊர் திரும்பினார். அவர் தாயார் எலிசபெத் புரூக் 1761-இல் இறந்துபோனார். மகன் கப்பலேறிய பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

திரும்பியதும் தந்தை ஃபிரெடரிக் மாவட்டத்தில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட கரோல்டன் பண்ணையை எழுதிக் கொடுத்தார். சட்டம் படித்தவர்தான், ஆனால் வழக்காட முடியாது. வழக்கறிஞராகப் பதிவு செய்யவும் அதே பிரமாணம் வேண்டும்.

இந்த இடத்தில் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள், காரணம் பெயர்க் குழப்பம். தாத்தா, தந்தை, மகன் மூவர் பெயரும் சார்லஸ் கரோல். போதாக்குறைக்கு ‘பாரிஸ்டர்’ என்ற அடைமொழியோடு இன்னொரு சார்லஸ் கரோலும் அதே காலத்தில் இருந்தார். தூரத்து உறவினர், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர், அவரும் பின்னாளில் காங்கிரஸில், அதாவது அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய பேரவையில், உட்கார்ந்தவர். நம் கரோல் தன்னை ‘கரோல்டனைச் சேர்ந்த சார்லஸ் கரோல்’ என்று 1765 முதலே எழுதி வந்தார். பிரகடனத்தில் கையெழுத்திடும்போது, தூக்கில் போட வருபவர்கள் ஆளைத் தவறவிடக் கூடாது என்று துணிச்சலாக ஊர்ப் பெயரைச் சேர்த்தார் என்றொரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது; உண்மை இல்லை. பத்து ஆண்டுப் பழக்கத்தில் போட்ட கையெழுத்து அது.

‘உனக்கு ஓட்டே இல்லையே!’

இனி அந்தச் செய்தித்தாள் சண்டை. மேரிலாந்தில் அரசு அலுவலர்கள் சம்பளத்தில் வாழவில்லை; பத்திரம் பதிய, உயில் பதிய, சான்று தர என்று ஒவ்வொரு வேலைக்கும் மக்களிடம் கட்டணம் வாங்கினார்கள். கட்டண விகிதத்தை நிர்ணயித்த சட்டம் 1770-இல் காலாவதியானது. விகிதத்தைக் குறைத்தால்தான் புதுப்பிப்போம் என்றது கீழவை. ஆளுநர் ராபர்ட் ஈடன் அவையைக் கலைத்துவிட்டு, பழைய விகிதமே தொடரும் என்று தன் சொந்தப் பிரகடனத்தின் மூலம் அறிவித்தார்.

1773 ஜனவரியில் டேனியல் டுலானி என்ற பெரிய வழக்கறிஞர், ‘ஆன்டிலான்’ என்ற புனைபெயரில் ‘மேரிலாந்து கெஜட்’ இதழில் ஆளுநரை ஆதரித்து ஓர் உரையாடலை வெளியிட்டார். அதில் ‘முதல் குடிமகன்’ அசட்டுத்தனமாகப் பேசித் தோற்பான். ‘இரண்டாம் குடிமகன்’ அரசுக்காகப் பேசி ஜெயிப்பான். பிப்ரவரியில் கரோல் செய்தது இதுதான்: தோற்ற பாத்திரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார். முதல் குடிமகன் சொன்னதை நீங்கள் சரியாக அச்சிடவில்லை, அவன் உண்மையில் பேசியது இது என்று திருத்தி எழுதினார். கட்டணம் என்று பெயர் வைத்தாலும் அது வரிதான், மக்கள் பிரதிநிதிகள் ஒப்பாமல் வரி போட ஆளுநருக்கு அதிகாரமில்லை என்பது வாதம். டுலானி குடும்பத்தாரே கட்டணம் வாங்கும் பெரும் பதவிகளில் இருப்பதையும் சுட்டிக்காட்டத் தவறவில்லை. டுலானியின் நிலை சங்கடமானது. 1765-இல் பிரிட்டன் காலனிகள் மீது போட்ட முத்திரைத்தாள் வரியை எதிர்த்து இதே வாதத்தை எழுதிப் புகழ் பெற்றவர் அவர்தான்.

ஆளுக்கு நான்கு கடிதங்கள் என்று சில மாதங்கள் போனது. வாதத்தில் சறுக்கிய டுலானி மதத்தை இழுத்தார். ஓட்டுப் போடக்கூடத் தகுதியில்லாத ஒருவனுக்கு அரசியல் பேச என்ன உரிமை, இவன் கொள்கை மீது சட்டத்துக்கே நம்பிக்கை இல்லையே என்றார். சமயச் சோதனையின் இன்னொரு வேலை இங்கே தெரிகிறது: ஆளைப் பதவியிலிருந்து தடுப்பதோடு அது நிற்பதில்லை, அவர் வாயை அடைக்கவும் கைகொடுக்கும். கரோல் பதிலில் மதத்தைக் காக்கப் புறப்படவில்லை. பேச்சு கட்டணத்தைப் பற்றியது, நான் எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்பதைப் பற்றியது அன்று என்ற நிலையிலேயே நின்றார்.

மே மாதத் தேர்தலில் ஆளுநரின் கட்டணப் பிரகடனத்தை எதிர்த்தவர்கள் வென்றார்கள். அனாபொலிஸ் மக்கள் அந்தப் பிரகடனத்துக்குப் பாடை கட்டி, ஊர்வலமாக எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். அங்கே வென்ற வில்லியம் பாக்காவும் மத்தியாஸ் ஹாமண்டும் ‘முதல் குடிமகனுக்கு’ நன்றிக் கடிதம் வெளியிட்டார்கள்.

கதவைத் திறக்கவில்லை, பக்கத்தில் வேறு வீடு கட்டினார்கள்

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. புரட்சி வந்ததும் எல்லோருக்கும் தாராள மனம் வந்து, கத்தோலிக்கருக்கு உரிமை கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. 1774 கடைசி வரை பழைய சட்டம் அப்படியே இருந்தது. முதல் கண்டக் காங்கிரஸ் பிலடெல்பியாவில் கூடியபோது கரோலைப் பிரதிநிதியாக அனுப்பவில்லை. ஆலோசகராகக் கூடவே போய்த் தங்கியிருந்தார்.

ஆனால் அதே வேளையில் சட்டமன்றத்துக்குப் போட்டியாக மாநாடுகளும் கமிட்டிகளும் முளைத்தன. இவற்றுக்கு அரசரின் அங்கீகாரம் இல்லை. அதனாலேயே இவற்றில் நுழைய அரசரின் பிரமாணமும் இல்லை! 1774 நவம்பரில் மேரிலாந்து மாநாட்டுக்குக் கரோல் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடர்பாடல் கமிட்டி, பாதுகாப்புக் குழு என்று அடுத்தடுத்து இடம் கிடைத்தது. அதிகாரம் பழைய மன்றத்திலிருந்து இந்தப் புதிய அமைப்புகளுக்கு நகர நகர, சோதனை காவல் காத்த கதவுக்குப் பின்னால் ஒன்றும் மிச்சமில்லாமல் போனது.

அவரது மதமே காங்கிரஸுக்குத் தேவைப்பட்ட ஒரு சந்தர்ப்பமும் வந்தது. 1776 பிப்ரவரியில் பெஞ்சமின் பிராங்க்ளின், சாமுவேல் சேஸ், கரோல் மூவரையும் கனடாவுக்குத் தூது அனுப்பினார்கள். கியூபெக் மக்கள் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். கரோலுக்கு இரண்டும் பொருந்தும். துணைக்கு உறவினர் ஜான் கரோல் என்ற குருவானவர். ஏப்ரல் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றில் படகேறி, ஆல்பனி, ஜார்ஜ் ஏரி, சாம்ப்ளேன் ஏரி வழியாக உருகும் பனிக்கட்டிகளிடையே போய், ஏப்ரல் 29 அன்று மான்ட்ரியால் சேர்ந்தார்கள்.

தூது தோற்றது. முதல் காரணம் பணம். அமெரிக்கப் படை காகிதப் பணம் கொடுத்துச் சாமான் வாங்கியது, ஊர்க்காரர்கள் வெள்ளியும் தங்கமும் கேட்டார்கள். படையில் அம்மை பரவிக்கிடந்தது. 1774 கியூபெக் சட்டத்தின் மூலம் பிரிட்டனே கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமையையும் பதவி உரிமையையும் கொடுத்திருந்தது, ஆயர் பிரியான் பிரிட்டன் பக்கம் நின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1774 அக்டோபரில் காங்கிரஸ் எழுதிய இரண்டு கடிதங்கள். பிரிட்டிஷ் மக்களுக்கு எழுதியதில் கத்தோலிக்க மதம் உலகெங்கும் இரத்தம் சிந்தவைத்த மதம் என்று திட்டியிருந்தார்கள். சில நாளில் கியூபெக் மக்களுக்கு எழுதியதில் மத வேறுபாடு நமக்குள் தடையாகாது என்று கொஞ்சினார்கள். கியூபெக்கில் இரண்டையும் படித்திருந்தார்கள்!

கையெழுத்தும் அரசமைப்பும்

கரோல் கனடாவிலிருந்து திரும்பியபோது மேரிலாந்து இன்னும் விடுதலைக்கு ஒப்பவில்லை. ஜூன் 28 அன்று மாநாடு அந்த முடிவை மாற்றியது. மாற்றியதில் கரோலுக்குப் பெரும் பங்கு. ஜூலை 4 அன்று அவரைக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அன்றைய தினம் அவர் பிலடெல்பியாவில் இல்லை, பிரகடனத்துக்கு வாக்களிக்கவும் இல்லை. ஆகஸ்ட் 2 அன்றுதான் கையெழுத்திட்டார்.

அந்த ஆண்டு இறுதியில் மேரிலாந்து தன் அரசமைப்பை எழுதியது. வரைவுக் குழுவில் கரோல் இருந்தார். இதில் கிறிஸ்தவ மதத்தைக் கடைப்பிடிக்கும் அனைவருக்கும் சம பாதுகாப்பு, பதவிக்கு வருபவர் கிறிஸ்தவ நம்பிக்கையை அறிவித்தால் போதும் என்று மாற்றினார்கள். கத்தோலிக்கர் உள்ளே வந்தார்கள். யூதர் வெளியிலேயே நின்றார்கள். சோதனை நீங்கவில்லை, வாசல் கொஞ்சம் அகலமானது, அவ்வளவே.

கரோலை ஜனநாயகவாதி என்று கொண்டாடுவதும் பிசகு. ஓட்டுப் போட 50 ஏக்கர் நிலமோ 30 பவுண்டு சொத்தோ வேண்டும், ஆளுநராக 5,000 பவுண்டு சொத்து வேண்டும் என்றது அந்த அரசமைப்பு. 15 பேர் கொண்ட மேலவையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல், மக்கள் தேர்ந்தெடுத்த வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கும் என்ற ஏற்பாடு கரோலின் யோசனை. கும்பல் ஆட்சிக்கு அவர் பயந்தார். ஆனாலும் 1777-இல், பிரிட்டிஷ் பவுண்டில் (ஸ்டெர்லிங்) கொடுத்த கடனை மதிப்பிழந்த காகிதப் பணத்தில் அடைக்கலாம் என்று சட்டம் வந்தபோது, கடன் கொடுத்த குடும்பமாகப் பெருநஷ்டம் வரும் என்று தெரிந்தும் அதைச் சகித்துக்கொண்டார். தந்தை கொதித்தார். புரட்சியில் சிலருக்கு அநியாயம் நடக்கத்தான் செய்யும், எதிர்த்தால் எல்லாமே போகும் என்பது மகனின் கணக்கு.

1787-இல் நாடு முழுமைக்குமான அமெரிக்க அரசமைப்பை எழுதக் கூடிய மாநாட்டுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தும் போகவில்லை. அங்கே மேரிலாந்து சார்பில் கையெழுத்திட்ட கத்தோலிக்கர் உறவினர் டேனியல் கரோல். பென்சில்வேனியாவின் தாமஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ் இன்னொருவர். அந்த அரசமைப்பின் ஆறாம் பிரிவு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் எந்தப் பதவிக்கும் சமயச் சோதனை எந்நாளும் வைக்கக் கூடாது என்கிறது. தென் கரோலினாவின் சார்லஸ் பின்க்னி முன்மொழிந்தது. 1789-இல் நம் கரோல் மேரிலாந்தின் முதல் செனட்டர்களில் ஒருவராக நியூயார்க் போனார். உரிமைச் சாசனத்தின் (அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) வாசகத்தில் இரு அவைகளுக்கும் இழுபறி வந்தபோது, தீர்த்துவைக்க அவைக்கு மூவர் என்று ஆறு பேர் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் கரோல். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற முதல் திருத்தத்தின் இறுதி வாசகம் அந்தக் குழுவில்தான் முடிவானது. ஒரே நேரத்தில் மாநில மேலவையிலும் மத்திய செனட்டிலும் இருக்கக் கூடாது என்று மேரிலாந்து சட்டம் போட்டதும், 1792-இல் அவர் செனட்டை விட்டு மாநிலத்தைத் தேர்ந்தார். அக்காலத்தில் மாநிலப் பதவி அப்படியொன்றும் சிறியதாகக் கருதப்படவில்லை.

அடிமைகள்

டோரகன் என்ற தன் குடும்பப் பண்ணையிலும் மற்ற நிலங்களிலும் நூற்றுக்கணக்கான அடிமைகளை அவர் வைத்திருந்தார். அடிமை முறை தீமை என்று ஒப்புக்கொண்டார், படிப்படியாக ஒழிக்க மேலவையில் மசோதாவும் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. விடுதலை பெற்ற கறுப்பினத்தாரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப முனைந்த குடியேற்றச் சங்கத்துக்கும் முதுமையில் தலைவராக இருந்தார். தன் பண்ணைகளில் இருந்தவர்களையோ, சாகும்வரை அடிமைகளாகவே வைத்திருந்தார். சமய உரிமைக்கு அவரை எடுத்துக்காட்டும் நூல்கள் பல இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, அது சரியில்லை. அவருக்கு அரசியல் செய்ய ஓய்வையும் பணத்தையும் கொடுத்தது அவர்கள் உழைப்பு.

நீண்ட முதுமை

1826 ஜூலை 4 அன்று ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒரே நாளில் இறந்தார்கள். கையெழுத்திட்டவர்களில் கரோல் மட்டும் மிஞ்சினார். 1828 ஜூலை 4-இல், தொண்ணூறாவது வயதில், பால்டிமோர்–ஒஹையோ ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 1832 நவம்பர் 14 அன்று 95 வயதில் காலமானார்.

இடையில் நம் ஊர்க்காரர்கள் புருவம் உயர்த்தும் ஒரு சம்பந்தம் உண்டு. கரோலின் பேத்தி மேரியான் 1825-இல் மறுமணம் செய்துகொண்டது ரிச்சர்ட் வெல்லெஸ்லி பிரபுவை. திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டதும் இவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த 1799-ஆம் ஆண்டில்தான். மணம் நடந்தபோது அவர் அயர்லாந்தின் ஆளுநர். கரோலின் தாத்தா விட்டு வந்த அதே அயர்லாந்து. அங்கே கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எது மிச்சம் இருந்தது?

ஆறாம் பிரிவு மத்திய அரசின் பதவிகளுக்கு மட்டுமே. மாநிலங்கள் தத்தம் சோதனையை வைத்துக்கொண்டன. ஆகவே ‘1787-இல் சமயச் சோதனை ஒழிந்தது’ என்று எழுதினால் பாதிதான் சரி. நியூயார்க் சட்டமன்றத்துக்குத் தேர்வான பிரான்சிஸ் கூப்பர் என்ற கத்தோலிக்கருக்காக 1806-இல் பிரமாணத்தை நீக்க வேண்டியிருந்தது. வட கரோலினாவில் ‘புராட்டஸ்டன்ட் மதத்தின் உண்மையை மறுப்பவர்’ பதவி வகிக்கக் கூடாது என்ற விதி 1835 வரை இருந்தது. அங்கே வில்லியம் காஸ்டன் என்ற கத்தோலிக்கர் 1833-இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கத்தோலிக்கராக இருப்பதும், புராட்டஸ்டன்ட் மதத்தின் உண்மையை ‘மறுப்பதும்’ ஒன்றாகாது, ‘மறுப்பவர்’ யார் என்றே விதி சொல்லவில்லை என்ற வாதத்தில் அவர் உள்ளே போனார். 1835 மாநாட்டில் அவர் பேசிய பிறகு ‘புராட்டஸ்டன்ட்’ என்ற சொல் ‘கிறிஸ்தவ’ என்று மாறியது. அங்கும் யூதருக்கு இடமில்லை.

மேரிலாந்தில் யூதருக்கான மசோதாவை தாமஸ் கென்னடி என்ற உறுப்பினர் 1818 முதல் விடாமல் கொண்டுவந்து, 1826-இல் நிறைவேற்றினார். அப்போதும் ஏதோவொரு வகை இறைநம்பிக்கையை அறிவிக்கும் நிபந்தனை போகவில்லை. ராய் டோர்காசோ என்பவரை மேரிலாந்து நோட்டரியாக நியமித்தபோது, கடவுள் நம்பிக்கையை அறிவிக்க மறுத்ததால் பதவியைக் கொடுக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். முதல் திருத்தத்தின் அடிப்படையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ஒருமனதாகச் செல்லாததாக்கியது 1961-இல்.